முதலில் என் கேள்வியைத் திருப்பிச் சொல்

கதிரேசா,

நீ அனுப்பியதைப் படித்தேன். உன் அம்மாவிடம் கொடுத்தேன், அவளும் படித்தாள். பதில் சொல்வதற்கு முன்னால், எங்கள் கூட்டத்து வழக்கப்படி, நீ சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். எங்கேயாவது பிசகினால் சொல்.

நீ கேட்பது இது. ஆவணியில் உனக்குக் கல்யாணம். நீ கைப்பேசியில் எடுத்துப் போட்ட ஒரு வீடியோவால் உனக்கு மாமனாராக வரப்போகிறவர் தலைகுனிந்து நிற்கிறார். கடலோரத்து அணுமின் நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் அவர்மேல் கோபமாக இருக்கிறார்கள். அவருடைய தம்பி இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறார், அவருக்கும் சங்கடம். ஆகவே நானும் சம்பந்தியும் சேர்ந்து நின்று, 'நாங்கள் பேசியதெல்லாம் விளையாட்டுக்கு, யார் மனமாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்' என்று ஒரு வீடியோ போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நிறுத்த வேண்டும். அணு உலை, பருவநிலை என்ற பேச்சே எங்கள் வாயில் வரக்கூடாது. நீ இதை என்மேல் உள்ள கோபத்தில் கேட்கவில்லை. உன் கையால் பற்றிய தீயை உன் கையாலேயே அணைக்க நினைக்கிறாய். உன் கல்யாணத்தன்று பெண்வீட்டார் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடந்துவிடுமோ என்று உனக்குப் பயம். தேன்மொழி அதைப் பார்த்து நிற்க வேண்டி வருமோ என்று அதைவிடப் பயம்.

சரியாகச் சொல்லிவிட்டேனா? ஆமாம் என்று உனக்குள் சொல்லிக்கொள். இப்போது என் பதில்: முடியாது.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி நம் மழை வாட்ஸ்அப் குரூப்பிலேயே போடுகிறேன். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது, பதிலும் சுற்றட்டும். எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், பொறுத்துக்கொள்.

நான் மாங்காய் மண்டிக்காரன். ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஜன்னல் ஜன்னலாகப் பழம் விற்றவன். இன்றைக்கு மலையடிவாரத்துத் தோப்புகளின் சப்பட்டை மாங்காயும் பஞ்சவர்ணமும் என் மண்டிக்கு வந்துதான் ஏலம் போகின்றன. படிப்பு பாதியில் நின்றது. வானத்தைப் பார்க்கிற பழக்கம் வியாபாரத்தோடு சேர்ந்து வந்தது. தையில் மா பூத்து நிற்கும்போது நல்ல மழை ஒன்று அடித்தால் அந்த வருடம் மண்டியில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்தில் மொட்டை மாடியில் மழைமானி வைத்தேன். ஒரு புனல், கோடு போட்ட ஒரு குழாய், வேறொன்றும் இல்லை. பயத்தில் ஆரம்பித்தது பைத்தியத்தில் முடிந்தது. இதே பைத்தியம் பிடித்தவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மம்சாபுரத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் 'எட்டரை மணி மழை' என்று ஒரு குரூப் ஆனது. தினமும் காலை எட்டரைக்குக் குழாயைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று ஊர்ப்பெயரோடு போட வேண்டும். அதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. மழை இல்லாத நாளிலும் சைபர் என்று போட்டாக வேண்டும். சைபர் என்றால் 'பார்த்தேன், பெய்யவில்லை' என்று அர்த்தம். ஒன்றும் போடாமல் விட்டால் பார்க்க ஆளே இல்லை என்று அர்த்தம். வெளியாளுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எங்களுக்கு இரண்டும் வேறு வேறு.

இந்தக் குரூப்பில் அணு உலை எப்படி நுழைந்தது என்று பலர் கேட்கிறார்கள். மழை வழியாகத்தான் நுழைந்தது. ஒரு தை மாதம், பூவோடு பூவாக மழை கொட்டித் தோப்புகளெல்லாம் கருகிப்போயின. அன்று காலை அளவைப் போட்ட கையோடு நாராயணராஜா, நூல் வியாபாரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தன் நாய்க்கு வைக்காமல் ஒரு வாய் சாப்பிடாதவர், "நிலக்கரிய எரிச்சி எரிச்சி வானத்தையே கெடுத்தாச்சி அண்ணாச்சி, இனிமே தையில மழைதான், ஐப்பசியில வெயில்தான்" என்று எழுதினார். ஸ்ரீவில்லிபுத்தூர் சங்கரலிங்கம், அணுமின் நிலையத்தில் டர்பைன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "அதுக்குத்தான் அணு உலை வேணும்ங்கேன். பொகை கெடையாது, கரி கெடையாது" என்றார். அதற்குச் செண்பகம் பதில் எழுதினாள். கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், மம்சாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்தது தெற்கே கடற்கரையில், அந்த நிலையத்தின் சுவர் தெரிகிற ஊரில். "பொகை இல்லதான் சார். பயம் இருக்கே, அதை எந்தக் குழாயில அளக்கிறது?" என்று கேட்டாள். மத்தியானத்துக்குள் குரூப் நாறிப்போனது. ஒருவன் 'படிக்காதவ பேச்சு' என்றான். நான் மட்டும் சும்மா இருந்தேனா? சங்கரலிங்கத்தைப் பார்த்து 'பென்சன் பேசுது' என்று எழுதினேன். சாயங்காலம் ஆளாளுக்குக் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். மறுநாள் காலை எட்டரைக்குப் பாதி ஊர்களில் மழை இல்லை, சைபரும் இல்லை.

அது எனக்குப் பொறுக்கவில்லை. அளவு போடாததற்காகத்தான் பொறுக்கவில்லை, வேறு பெரிய மனசெல்லாம் இல்லை. எல்லாருக்கும் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு வாங்க, நேரில் திட்டிக்கொள்வோம் என்றேன். வந்தார்கள். வைக்கோலும் காலிக் கூடைகளும் கிடந்த தரையில் உட்கார்ந்தார்கள். பத்து நிமிடத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இதே இடத்தில் சீசன் நேரத்தில் எத்தனையோ பேர் ஒரே குவியலுக்கு முட்டி மோதுகிறார்களே, அங்கே ஏன் அடிதடி வருவதில்லை என்று. எங்கள் ஏலத்தில் கேட்கிற விலைக்குக் 'கேள்வி' என்றுதான் பெயர். ஒருவர் கேள்வி கேட்டால் ஏலம் போடுகிறவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். கேட்டவர் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். பிறகுதான் அடுத்தவர் கேள்வி. தலை ஆடுவதற்குள் வேறொருவன் வாயைத் திறந்தால் அந்தக் கேள்வி செல்லாது.

"இந்தாங்கய்யா, இது என் எடம், என் சட்டம்" என்றேன். "எதிராளி சொன்னத மொதல்ல திருப்பிச் சொல்லு. அவன் ஆமான்னு தலையாட்டட்டும். பொறவு ஒன் கேள்வியக் கேளு."

"தலையாட்டலேன்னா?" என்றார் ராஜா.

"ஆட்டுற வரைக்கும் திருப்பிச் சொல்லணும்."

"அப்ப செண்பகத்துகிட்ட மாட்டுனவன் அடுத்த ஞாயித்துக்கிழமதான் வீடு போய்ச் சேருவான்."

"நீங்க கவலப்படாதீய ராஜா. ஒங்க நாய்க்கு நாங்க சோறு வச்சிருதோம்" என்றாள் செண்பகம். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவளையே ஏலம் போடுகிறவளாக உட்கார வைத்தோம். இன்றைக்கும் அவள்தான். தன் முறை வரும்போது மட்டும் ராஜாவிடம் கொடுப்பாள்.

நீ நினைப்பதுபோல இது சுலபமில்லை. எதிராளி வாதத்தை நொண்டியாக்கித் திருப்பிச் சொன்னால் தலை ஆடாது. அவன் சொன்ன வலுவோடு சொல்ல வேண்டும். சங்கரலிங்கம் சொன்னதைத் திருப்பிச் சொல்ல நான் மூன்று முறை முயன்றேன். "காத்தாலை ஆடியில சுத்துது. காத்து நின்னு, பொழுதும் அடைஞ்ச பொறவு ஒங்க குளிர் ரூமுக்கு யாரு கரண்டு தருவா? கரிதான தரும்? கரி வேண்டாம், உலையும் வேண்டாம்னா எது வேணும்னு சொல்லும் ஓய்" என்பது அவர் கேள்வி. நான் அதை 'நம்ம ஊர்ல காத்து பத்தாதுங்கிறார்' என்று சுருக்கினேன். அவர் தலையை ஆட்டவில்லை. மூன்றாவது தடவை அவர் வார்த்தையிலேயே சொன்னேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்று என் வாயே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. அதற்காக நான் கட்சி மாறவில்லை. இந்த நிமிடம் வரைக்கும் எனக்கு அணு உலை வேண்டாம். கட்டி முடிக்க ஆகும் காலத்தில் வேறு எத்தனையோ செய்துவிடலாம் என்பது என் எண்ணம். மண்டிக் கூரை முழுக்கச் சூரியத் தகடு போட்டிருக்கிறேன். "கூரையில தகடு வச்சிருக்கவரு உலையத் திட்டாம என்ன செய்வாரு, பிரியாணிக் கடைக்காரரு சாம்பாரத் திட்டுற மாதிரிதான்" என்று ராஜா சொல்வார். அதையும் திருப்பிச் சொல்லித் தலையாட்டல் வாங்கியிருக்கிறேன். அதில் உண்மை இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது.

உன் கல்யாணப் பேச்சு இந்த வைக்கோலில்தான் முளைத்தது. உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போன பிறகு சங்கரலிங்கம் மட்டும் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குப் பணம் மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். "அண்ணாச்சி, ஒங்க பையனுக்குப் பொண்ணு பாக்கீயளாமே" என்றார். ஆமாம் என்றேன். "எம் பொண்ணு தேன்மொழி வாய் ஓயாதவ. அவ போற வீட்டுல, அவ பேசுறதத் திருப்பிச் சொல்ல ஒரு ஆளாவது இருக்கணும்னு நெனைக்கேன். நெலம் நீச்சு நான் கேக்கல" என்றார். நான் வியாபாரி, உடனே சரி என்று சொல்லிப் பழக்கமில்லை. "பொண்ணு அணு உலைக் கட்சியா, எங்க கட்சியா?" என்றேன். "அவ ரெண்டு பேரையும் திட்டுவா" என்றார். அப்போதே சரி என்றேன். நீ இன்று பிடுங்கச் சொல்கிறாயே, அந்த வேரில்தான் உன் கல்யாணம் நிற்கிறது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நிச்சயம் முடிந்து நீ ஊரில் இருந்தாய். மாமனார் பேசுவதைக் கேட்க ஆசையாக மண்டிக்கு வந்தாய், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாய். அன்று செண்பகத்தின் முறை. அவள் கேட்டு முடித்ததும் சங்கரலிங்கம் எழுந்து நின்று திருப்பிச் சொன்னார். அதை இங்கே எழுதுகிறேன், துண்டாகக் கேட்டவர்கள் ஒழுங்காகக் கேட்கட்டும்.

"செண்பகம் சொல்லுறது இதான். தப்பு நடக்க வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு நாம கணக்குப் போட்டுச் சொல்லுதோம். அந்தக் கம்மி யார் வீட்டு வாசல்ல நிக்குதுன்னு சொல்லுறதில்ல. அது அவ அம்மா வீட்டு வாசல்ல நிக்குது. கரண்டு மில்லுக்கு வருது, மெட்ராசுக்குப் போகுது. பயம் மட்டும் அந்த ஊர விட்டு நகரல. கழிவ எம்புட்டு காலம் காவல் காக்கணும்னு கேட்டா, பேரனுக்குப் பேரன் வரைக்கும்ங்கோம். அம்புட்டு காலத்துக்கு எவன் வாக்குக் குடுக்க முடியும்? அவ கரண்டு வேண்டாம்னு சொல்லல. எங்களக் கேட்டீயளான்னுதான் கேக்கா. நான் அந்தச் சொவருக்கு உள்ள இருந்தவன். நாங்க யாரும் சொவரத் தாண்டி வந்து அவிய வாசல்ல உக்காந்து பேசலங்கா. சரியா சொல்லிட்டேனாம்மா?"

செண்பகம் தலையாட்டவில்லை. குனிந்து ஒரு வைக்கோலை எடுத்து முறித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஆமா சார்" என்றாள். "எத்தன பேருகிட்டயோ சொல்லியிருக்கேன். ஒண்ணு, பயப்படாதன்னு சொல்லுவாக. இல்ல, யாரு காசு குடுத்தான்னு கேப்பாக. நான் சொன்னத எங்கிட்டயே திருப்பிச் சொன்ன மொத ஆளு நீங்கதான்."

அதற்கப்புறம் சங்கரலிங்கம் தன் கேள்வியை வைத்தார். அது சாதாரணக் கேள்வி இல்லை. "பயம் ஒங்க ஊர்ல நிக்குதுன்னா சூடு எங்க நிக்குதும்மா? எல்லா ஊர்லயும் நிக்குது. ஒங்க ஊருக் கடலு மேல ஏறி வருதுங்காகளே, அது எந்தப் பொகையால? உலைய மூடுன அன்னைக்கி ராத்திரி எரியப்போற கரிக்கு யாரு பதில் சொல்லுவா? என் கையி பட்ட மிசினு இது, நான் அதைக் கண்ணு மாதிரி பாத்தேன், என்னைய நம்ப மாட்டியா?" என்று கேட்டார். செண்பகம் அதையும் ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொன்னாள். "ஒங்கள நம்புதேன் சார். ஒங்களுக்குப் பொறவு வர்றவன எப்படி நம்ப?" என்று மறுகேள்வி கேட்டாள். அவர் தலையாட்டினார், சிரித்தார். டீ வந்தது, குடித்தோம், அவரவர் வீட்டுக்குப் போனோம்.

நீ முதல் பாதியை மட்டும் ஸ்டேட்டஸில் வைத்தாய். பெருமையாக வைத்தாய், எனக்குத் தெரியும். 'என் மாமனார்' என்று எழுதி இரண்டு கை கூப்பி வைத்திருந்தாய். அவ்வளவு நீளம்தான் அதில் போகும், மீதி அறுந்துவிட்டது. யாரோ அதை எடுத்து, 'அணு உலையில் வேலை பார்த்தவரே உண்மையை உடைக்கிறார்' என்று தலைப்பு வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். திருப்பிச் சொன்னதை அவர் சொன்னதாக்கிவிட்டார்கள். எங்கள் வழக்கம் தெரிந்தவனுக்கு இந்தச் சந்தேகமே வராது, எங்கள் வழக்கம் இல்லாத இடத்தில் வேறெப்படியும் புரியாது. நீ அன்றே குரூப்பில் வந்து 'என் தப்பு' என்று எழுதினாய். அந்த விஷயத்தில் உன்னைப் பெற்றதற்குச் சந்தோஷப்படுகிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பார். சங்கரலிங்கத்தோடு ஒரே ஷிப்டில் நின்ற நண்பர் போனில், "ஏலே சங்கரா, அங்க தின்ன சோத்த அதுக்குள்ள மறந்திட்டியா? ஒன் வீட்டுக் கல்யாணத்துக்கு இனி எம் மூஞ்சியத் தேடாத" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலை குரூப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மழை இல்லை, சைபரும் இல்லை. அவர் சம்சாரத்துக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரை மாடிக்கு ஏற்றி அளவு கேட்டுப் போட்ட மனிதர் அவர். அப்போதுதான் எனக்கும் அவருக்கும் உன் செய்தி வந்தது. அதே நாள் செண்பகம் கடையை அடைத்துவிட்டு மண்டிக்கு வந்தாள். "அண்ணாச்சி, கல்யாண வீட்டுல நம்மளால சலசலப்பு வேண்டாம். நான் குரூப்ப விட்டுப் போயிடுதேன். அந்தக் கடக்கரப் பொம்பள போயிட்டா, இனி ஒண்ணும் இல்லன்னு எல்லாருகிட்டயும் சொல்லிருங்க" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதுவரை உன் யோசனையில் பாதியைச் செய்துவிடலாமா என்று நானும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். "நீ போனா நான் மண்டியவே இழுத்துப் பூட்டிருவேன், போயி கடையத் தொற" என்று அவளை அனுப்பிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

சம்பந்தி வாசலிலேயே, "வாங்க, மன்னிப்பு வீடியோவுக்கு எந்தக் கலர் சட்ட போடணும்னு கேக்க வந்தீயளா?" என்றார். முகம் கறுத்துக் கிடந்தது. மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். கோபுரம் தெரிகிற மூலையில் மழைமானி இருந்த மேடை வெறுமையாக இருந்தது. புனலைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் இருந்தார். என்ன சொல்வது என்பதை என்னிடம் ஒப்பித்தும் காட்டினார். உன் வாசகம்தான், 'விளையாட்டுக்கு.'

"சரி, ஒங்க கேள்வியத் திருப்பிச் சொல்லுதேன்" என்றேன். "அந்த ஆளுகளோட பாதி ஆயுசு ஒரே கேன்டீன்ல சாப்பிட்டிருக்கீய. எது நடந்தாலும் ஒருத்தன ஒருத்தன் நம்பித்தான் அந்த மிசினுகிட்ட நின்னிருக்கீய. இப்ப அவிய பார்வையில நீங்க காட்டிக்குடுத்தவரு. வாதத்துல தோத்தாத் தாங்குவீய, இதத் தாங்க முடியல. பொண்ணு கல்யாணத்துல அவிய வந்து நிக்கணும். அதுக்கு ஒரு பொய் சொல்லணும்னா சொல்லிட்டுப் போறேன்ங்கீய. சரிதான?"

அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"இப்ப என் கேள்வி. நீங்க அன்னைக்கிச் சொன்னதுக்குச் செண்பகம் ஆமான்னா. ஆயுசுக்கும் அவளுக்குக் கெடச்ச ஒரே ஆமா அது. வெளையாட்டுக்குச் சொன்னோம்னு வீடியோ போடுறதுக்கு முன்னால, கிருஷ்ணன்கோவிலுக்குப் போயி அவ கடை முன்னால நின்னு, அம்மா அது வெளையாட்டு, ஒன் ஆமாவ எடுத்துக்கோன்னு சொல்லிட்டு வந்திருங்க. சொல்லிட்டு வாங்க, நானும் ஒங்க பக்கத்துல நின்னு மன்னிப்புக் கேக்கேன். நீங்க சொல்லுற கலர் சட்டையிலயே நிக்கேன்."

நான் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. காப்பி ஆறிவிட்டது. வாசல்வரை வந்து வழியனுப்பினார், அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது, கல்யாணத்தைக் கெடுத்துவிட்டு வருகிறோமோ என்று எனக்கும் தோன்றியது. உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேசித் தொலைச்சிட்டீயளா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை எட்டரை. மேகமே இல்லை, வெயில் சுளீரென்று அடித்தது. ராஜபாளையம், சைபர் என்று போட்டேன். மம்சாபுரம், சைபர். கிருஷ்ணன்கோவில், சைபர். செத்த நேரம் கழித்து வந்தது: ஸ்ரீவில்லிபுத்தூர், சைபர்.

கதிரேசா, நான் எத்தனையோ மழை பார்த்திருக்கிறேன். அந்தச் சைபரைப் பார்த்துக் கண் கலங்கியதுபோல எந்த மழைக்கும் கலங்கியதில்லை. ராஜா உடனே, "ஏமய்யா சங்கரலிங்கம், இத்தன நாளா ஒங்க ஊர்ல வானமே இல்லையா?" என்று போட்டார். அவர் பதில் எழுதினார்: "வானம் இருந்துச்சி. ஆளு இல்ல."

நீ கேட்கிற மௌனம் இருக்கிறதே, அதைச் சைபர் என்று நினைக்கிறாய். ஒன்றும் இல்லை, சண்டை இல்லை, சமாதானம் என்று. அது சைபர் அல்லப்பா, அது போடாமல் விட்டது. தையில் மழை பெய்வது நிற்காது, கரி எரிவது நிற்காது, உலை ஓடுவது நிற்காது, கடற்கரைப் பயமும் நிற்காது. பார்த்துச் சொல்ல ஆள் மட்டும் இருக்காது. நீயா இதைக் கேட்கிறாய் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, கார்பைடு கல் வைத்துக் காயைப் பழுக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மண்டி வாசலில் நின்று, "இந்தப் பழத்த நம்ம வீட்டுல தின்போமா?" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினாயே, அது நீதானே? போடா உள்ளே என்றேன். போகவில்லை. ராத்திரி சோற்றிலும் அதையே கேட்டாய். மறுவருடம் என் மண்டியில் கல் கிடையாது. வைக்கோலில் தானாகப் பழுக்கிறது என்று பெயர் எடுத்தோம், வியாபாரமும் பெருகியது. அன்றைக்கு நீ மரியாதையாகவும் கேட்கவில்லை, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் இல்லை. ஆனால் விடவில்லை. அந்தப் பையனை நான் விற்கமாட்டேன். நீயே வந்து விலை கேட்டாலும் விற்கமாட்டேன்.

ஆகவே கேள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்கும். உன் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறும் நடக்கும், அடுத்த ஞாயிறும் நடக்கும். மண்டபத்து மொட்டை மாடியில் மழைமானி வைப்போம். தாலி கட்டி முடித்ததும் எட்டரைக்கு நானும் உன் மாமனாரும் பட்டு வேட்டியோடு மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவோம். போகிற படியில் உலை வேண்டும் என்பார், வேண்டாம் என்பேன். செண்பகம் முதல் வரிசையில் உட்காருவாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியை உன் மாமனாரின் நண்பருக்குப் போட்டு வைப்பேன். வந்தால் உட்காரட்டும். வராவிட்டால் அந்த நாற்காலி அப்படியே கிடக்கட்டும், அவருக்கென்று போட்டது என்று எல்லாருக்கும் தெரியட்டும். தேன்மொழியிடம் இதைப் போனில் சொன்னேன். "மாமா, நீங்க கூட்டத்த நிறுத்துனா எங்க அப்பா டர்பைன் கத பூராத்தையும் எங்கிட்டச் சொல்லியே கொன்னுருவாரு. நிறுத்திராதீய" என்றாள். அவள் யார் கட்சி என்று அப்போதும் சொல்லவில்லை.

இனி உன்னிடம் என் கேள்வி. அந்த வீடியோவின் மீதிப் பாதி உன் கைப்பேசியில்தான் இருக்கிறது. அதைப் போட்டால் கடற்கரைக்காரர்கள் கோபப்படுவார்கள், முதல் பாதிக்கு நிலையத்துக்காரர்கள் கோபப்பட்டது போதாதா என்று பயந்து வைத்திருக்கிறாய். செண்பகத்திடம் கேட்டேன். "போடச் சொல்லுங்க அண்ணாச்சி, அதுல நான் திருப்பிச் சொன்னதும் இருக்குல்ல, அதையும் எங்க ஊரு பாக்கட்டும்" என்றாள். சம்பந்தியிடமும் கேட்டேன். அவர், "வெட்டாமப் போடச் சொல்லும், டீ வர்ற வரைக்கும்" என்றார். மன்னிப்பு வேண்டாம். முழுசாகப் போடு. பார்க்கிறவன் பாதியில் எழுந்து போனால் அது அவன் பாடு.

இதற்கு நீ மறுப்புச் சொல்லலாம், சொல்ல உனக்கு உரிமை உண்டு. சட்டம் மட்டும் உனக்கும் அதேதான். நான் கேட்டதை முதலில் என்னிடம் திருப்பிச் சொல். சுருக்காதே, நொண்டியாக்காதே. நான் இங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், தலையாட்ட.

அப்பா
ராஜபாளையம், சைபர்.